வசூலுக்குப் போன வழியில் நன்றிக்கும் போக வேண்டும்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் குளச்சலிலும் ஆழிப்பேரலை ஏறிய அந்தக் காலை நேரத்தில் தமிழ்நாட்டின் பல ஆலயங்களில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு 2005-இன் முதல் ஞாயிறு. அன்றும் அதைத் தொடர்ந்த வாரங்களிலும் வழக்கமான காணிக்கைப் பை சுற்றி முடிந்த பிறகு, சுனாமி நிவாரணத்துக்கென்று பை இன்னொரு முறை வந்தது. இங்கே மட்டுமல்ல, ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் வந்தது. கடற்கரையைக் கண்ணால் பார்த்திராத ஊர்ச் சபைகளில்கூடப் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்டார்கள்.

பை இரண்டு முறை வந்தது பலருக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பணம் என்ன ஆனது என்று சொல்ல யாராவது திரும்பி வந்தார்களா என்று கேட்டால், நான் விசாரித்த சபைகளில் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். திருமண்டல அலுவலகத்திலிருந்து ரசீது வந்திருக்கிறது. சில இடங்களில் அச்சடித்த நன்றிக் கடிதம் வந்திருக்கிறது. ஆள் வரவில்லை. கேட்க வந்தபோது மட்டும் ஆள் வந்தார், பட விளக்கத்தோடு வந்தார், கண்ணீரோடு பேசினார்.

பேரிடர் நிவாரணப் பணிக்குக் கொடுத்தவர்களை அவர்கள் கொடுத்த இடத்திலேயே போய்ப் பார்த்து நன்றி சொல்வது நாகரிகம் என்ற அளவில்தான் பேசப்படுகிறது. நான் அதைக் கடமை என்கிறேன். அந்தக் கடமை அலையில் வீடு இழந்தவருடையது அன்று; பணத்தை வாங்கிக் கொண்டுபோன இடைநிலை அமைப்பினுடையது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு அசிங்கமும் நேர்கிறது. நிவாரண மூட்டையை வாங்கும் மீனவப் பெண், மூட்டையோடு அமைப்பின் பேனரையும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் முகத்தைக் காட்டி நன்றியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு, தான் சொல்ல வேண்டிய நன்றியையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் யாருக்கும் நன்றிக்கடன் படவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நம் மண்ணிலேயே பழைய உதாரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது லண்டன் மாநகரத் தலைவரின் பெயரில் மேன்ஷன் ஹவுஸ் நிதி திரட்டப்பட்டது. இங்கிலாந்தின் தேவாலயங்களிலும் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி மிஷனரிகளின் கைவழியாகவும் பஞ்சம் பட்டவர்களைச் சென்றடைந்தது. பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கால்டுவெல், சார்ஜென்ட் ஆகியோரின் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்கள் சோற்றுக்காகச் சேர்ந்தார்களா, ஆபத்தில் உடன் நின்றவர்களை நம்பிச் சேர்ந்தார்களா என்ற வழக்கு இன்றுவரை முடியவில்லை. நான் அதில் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. உதவி பெற்றவர்களிடமிருந்து நன்றியை எதிர்பார்க்கும் இடத்தில் எப்போதும் இந்தச் சந்தேகம் முளைக்கும் என்பது மட்டும் உறுதி. உதவி பெற்றவர் ஒன்றும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று முதலிலேயே தெளிவாகிவிட்டால் இந்த வழக்குக்கே இடமில்லை.

பவுல் எடுத்துச்சென்ற பணம்

'காணிக்கை கடவுளுக்குக் கொடுத்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது. இதில் மனிதருக்கு நன்றி எதற்கு, கணக்கு எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. பக்தியான கேள்விதான். ஆனால் புதிய ஏற்பாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கிலவுதியு பேரரசன் காலத்துப் பஞ்சத்தின்போது அந்தியோகியா சபையார் யூதேயாவில் இருந்தவர்களுக்கு உதவி அனுப்பினார்கள். அதைக் கொண்டுபோனவர்கள் பர்னபாவும் சவுலும். ஒரு சபை இன்னொரு சபைக்கு ஆபத்தில் பணம் அனுப்பியதாக எழுத்தில் உள்ள பழைய செய்திகளில் இது ஒன்று. பிறகு அதே சவுல் பவுலாகி, மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் கலாத்தியாவிலும் எருசலேம் ஏழைகளுக்கென்று பெரிய வசூலே நடத்தினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இரண்டு அதிகாரங்கள் முழுக்க அந்த வசூலைப் பற்றித்தான். பணத்தைக் கையாள்வதில் ஒருவரும் தன்மேல் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்காக, சபைகள் தெரிந்தெடுத்த ஆள்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டார். கடவுளுக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இன்றைய மொழியில் அதற்குத் தணிக்கை என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அத்தனை ஊர்களில் திரட்டிய பணத்தோடு பவுல் எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்தார். சகோதரர்கள் சந்தோஷமாக வரவேற்றார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பணத்தைப் பெற்றுக்கொண்டார்களா, கொரிந்துவுக்கு ஒரு நன்றி சொல்லி அனுப்பினார்களா என்பதைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வரி இல்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த ரசீது வரவேயில்லை.

கொடுத்தவர்களைத் தேடிப் போகும் வழக்கம் தமிழகத்தின் சீர்திருத்தச் சபை வரலாற்றில் முதல் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் 1714-இல் கப்பலேறி ஐரோப்பா போனார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடப் போனார். கோபன்ஹேகன், ஜெர்மனியின் ஹாலே, லண்டன் என்று ஆதரவாளர்களைப் பார்த்துவிட்டு சீகன்பால்க் 1716-இல் திரும்பினார். தரங்கம்பாடி அச்சகத்துக்கு உதவிய லண்டன் சங்கத்தாரும் அவர் பார்த்தவர்களில் அடக்கம். திரும்பி வந்தபின் கட்டியதுதான் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம். அவர் போகாத இடங்களுக்குக் கடிதங்கள் போயின. தரங்கம்பாடியிலிருந்து எழுதிய அறிக்கைகளை 1710 முதல் ஹாலேயில் தொகுத்து அச்சிட்டு ஆதரவாளர்களுக்குக் கொடுத்தார்கள். இந்தத் தொடர் 1772 வரை வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் சாதி, மருத்துவம், மழை, பஞ்சம், விலைவாசி என்று எத்தனையோ செய்திகளுக்கு இன்று ஆய்வாளர்கள் நாடுவது இந்த அறிக்கைகளைத்தான்.

ஆனால் அவை ஹாலேயில் கத்தரிக்கப்பட்டே அச்சேறின. ஆதரவாளர் மனம் கோணக்கூடிய பகுதிகளைப் பதிப்பாளர் பிராங்கே நீக்கினார். சீகன்பால்க் தென்னிந்தியக் கடவுளரைப் பற்றி ஆராய்ந்து எழுதி 1713-இல் அனுப்பிய பெருநூலை அச்சிடவே இல்லை. அது 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. கொடுத்தவர்களுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் பழக்கத்துக்கு இங்கே முந்நூறு வயது ஆகிறது.

சொல்லாமல் விட்டவை

சுனாமிக்குப் பிறகு வந்த நன்றி அறிக்கைகளில் என்ன இருந்தது என்று பாருங்கள். புதுவீட்டுத் திறப்பு விழா, படகுக்கு முன்னால் சிரிக்கும் மீனவர், தையல் இயந்திரத்தோடு பெண்கள். எல்லாம் உண்மைதான். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம் பேரைப் பறிகொடுத்த அந்தப் பேரழிவில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த நாகப்பட்டினம் மாவட்டம் எழுந்து நின்றதில் திருச்சபை அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. தஞ்சாவூர், கோட்டாறு மறைமாவட்டங்களின் சமூகப் பணிச் சங்கங்கள், காசா என்ற திருச்சபை நிவாரண அமைப்பு, லுத்தரன் அமைப்புகள் என்று பட்டியல் நீளமானது. வந்து குவிந்த தொண்டு நிறுவனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க நாகப்பட்டினத்தில் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றே வைக்க வேண்டியிருந்தது.

அறிக்கைகளில் வராதவையும் உண்டு. லாரி லாரியாக வந்த பழந்துணியை மக்கள் தொடவில்லை. கடலில் உழைத்துத் தின்றவர்களுக்கு அடுத்தவர் கழித்த துணியை உடுத்தும் தேவையும் இல்லை, மனமும் இல்லை. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் அது குப்பையாகக் கிடந்து நகராட்சிக்குத் தலைவலி ஆனது. தற்காலிகக் குடியிருப்புகளைத் தார் ஷீட்டால் அமைத்தார்கள். சித்திரை வெயிலில் அவற்றுக்குள் குழந்தைகளை வைத்திருக்க முடியாமல் தாய்மார்கள் மரத்தடியில் பகலைக் கழித்தார்கள். கண்ணாடியிழைப் படகுகளை ஆளுக்கு ஆள் வாங்கிக் கொடுத்ததில், அலைக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையேறின. கூட்டாளியாகக் கடலுக்குப் போனவர்கள் ஆளுக்கொரு படகுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். தொழிலுக்கு ஆள் கிடைக்கவில்லை. மீன்வளத்தின் மீதும் பாரம் ஏறியது. உதவியெல்லாம் மீனவக் குப்பங்களை நோக்கியே ஓடியபோது, உப்பளத் தொழிலாளர்களும் கரையோர வயல்களில் கூலி வேலை செய்த தலித்துகளும் இருளர்களும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். பல இடங்களில் வரிசையிலேயே இல்லை.

இவற்றையெல்லாம் கொடுத்தவரிடம் போய்ச் சொல்வதா என்று நிவாரண அமைப்பினர் தயங்குவார்கள். சொன்னால் அடுத்த முறை பை நிரம்பாது என்பது அவர்கள் பயம். எனக்கு எதிர்மாறாகத் தோன்றுகிறது. பழந்துணி குப்பையானதை 2005-லேயே சபை சபையாகப் போய்ச் சொல்லியிருந்தால், 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கஜா புயலிலும் பழந்துணி மூட்டைகளோடு வண்டிகள் கிளம்பியிருக்குமா? கொடுக்கிறவருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதற்கு, வீணானதைச் சொல்வதைவிட நல்ல வழி இல்லை. சுனாமி நிதியில் முறைகேடு என்று திருச்சபை வட்டாரத்தையே தொட்ட வழக்குச் செய்திகளைச் சபை மக்கள் நாளிதழ்களில்தான் படித்தார்கள். அதைத் தங்கள் ஆயர் வாயால் முதலில் கேட்டிருந்தால் அவ்வளவு கசந்திருக்காது.

தோல்வியைச் சொல்லியும் நிலைத்து நின்ற உதாரணத்துக்கு அயர்லாந்துக்குப் போகலாம். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் குவேக்கர்கள் எனப்படும் நண்பர் சபையார் கஞ்சித்தொட்டிகள் வைத்து உயிர்களைக் காப்பாற்றினார்கள். மதம் மாறச் சொல்லி ஒருவரையும் வற்புறுத்தவில்லை என்று ஐரிஷ் கத்தோலிக்கர்களே இன்றும் நன்றியோடு நினைக்கும் கூட்டம் அது. 1849-இல், இனி இது தனியார் தருமத்தால் ஆகாது, அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி அவர்கள் நிவாரணத்தை நிறுத்திக்கொண்டார்கள். 1852-இல் வரவு செலவு, கடிதங்கள், தாங்கள் செய்ய முடியாமல் போனவை எல்லாவற்றையும் சேர்த்துத் தடித்த நூலாக வெளியிட்டார்கள். அந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் புரட்டும் நூல் அது.

அதே பஞ்சத்துக்கு அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினர் 1847-இல் 170 டாலர் அனுப்பினார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன்புதான் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து துரத்தத் தொடங்கியிருந்தார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அவர்கள் அனுப்பிய தொகை பெரிதல்ல. ஆனால் அயர்லாந்து அதை மறக்கவில்லை. 1995-இல் அதிபர் மேரி ராபின்சன் சோக்டா மக்களிடம் நேரில் போய் நன்றி சொன்னார். 2017-இல் கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஊரில் எஃகு இறகுகளால் ஆன ஒரு நினைவுச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. 2018-இல் பிரதமர் லியோ வராத்கர் சோக்டா மக்களைப் பார்க்க ஓக்லஹோமா போனார். 2020-இல் கொரோனாவில் நவஹோ, ஹோபி பழங்குடியினர் தவித்தபோது அயர்லாந்துக்காரர்கள் பணம் அனுப்பினார்கள். சோக்டா மக்களுக்குப் பட்ட கடனை வேறு பழங்குடிக்குத் தீர்த்தார்கள். நம்மூரில் மொய் நோட்டைப் புரட்டி, செய்தவர் வீட்டு விசேஷத்துக்குத் தவறாமல் போய் நிற்கிறோமே, அந்த ஒழுங்கு ஒரு நாட்டுக்கே இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

கேரளத்திலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரை ஆலயங்களில் பங்குத்தந்தையர் அறிவிக்க, மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டாவுக்கும் விரைந்தார்கள். மாநிலம் முழுவதும் அவர்கள் காப்பாற்றியவர்கள் சுமார் 65,000 பேர் என்று கணக்கிட்டார்கள். கொல்லம் கடற்கரை 2004-இல் சுனாமியில் அடிபட்ட கடற்கரை. அரசு அந்த மீனவர்களை அழைத்துப் பாராட்டியது. மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது ஒருவகை. அவர்கள் குடியிருக்கும் கரைக்கே போய் நன்றி சொல்வது இன்னொரு வகை. கடலரிப்பில் ஆண்டுதோறும் வீடு இழக்கும் அந்தக் கரைகளுக்குப் போயிருந்தால், நன்றியோடு அவர்கள் குறையும் காதில் விழுந்திருக்கும்.

பொன்னாடை யாருக்கு?

நன்றி சொல்லப் போகிறவர்கள் நம்மூர் ஆலயங்களில் என்ன பாடுபடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் 'இரண்டு நிமிடம்' என்று ஆயர் காதோடு சொல்வார். விருந்தினர் எழுந்ததும் சேகர கமிட்டியார் ஓடிவந்து அவருக்கே பொன்னாடை போர்த்திவிடுவார்கள். நன்றி சொல்ல வந்தவர் நன்றி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பை இன்னொரு முறை சுற்றும். 'வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா' என்பது சபையின் பெருந்தன்மை. இதனால் நன்றிப் பயணம் அடுத்த வசூலாகவே முடிகிறது. அன்றைக்கு எவ்வளவு வற்புறுத்தினாலும் ஒரு பைசாவும் வாங்குவதில்லை என்று போகிறவர் முன்கூட்டியே ஆயரிடம் சொல்லிவிட வேண்டும்.

பேச்சுக்கு உரிய இடமும் பீடம் அன்று. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போதும், மாலையில் பெண்கள் ஐக்கிய சங்கம் கூடும்போதும்தான் கேள்விகள் வரும். 'அந்த வீடெல்லாம் இன்னும் இருக்கா?' என்று யாராவது கேட்பார்கள். உப்புக்காற்றில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற சுனாமிக் குடியிருப்புகளைப் பற்றி அங்கேதான் சொல்ல முடியும். கைப்பிடி அரிசி எடுத்துவைத்து மிஷனரிகளைத் தாங்கிய திருநெல்வேலிச் சபைகளுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. 1903-இல் அங்கே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் ஊழியர்கள் பணித்தளத்திலிருந்து வந்து சபைகளில் அறிக்கை சொல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மிஷனரிக்குக் கேட்கும் கேள்வியை நிவாரண அமைப்புக்கு மட்டும் கேட்காமல் விடுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கூட யாரை அழைத்துப் போவது என்பதில் கவனம் வேண்டும். தாய் தகப்பனை அலைக்குக் கொடுத்த பிள்ளையை மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்லவைக்கும் வேலையை இனியாவது விட வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று கல்யாண வயது. குப்பத்துப் பஞ்சாயத்தார் ஒருவரோ, மீன் விற்கும் பெண்கள் குழுவின் தலைவியோ வரட்டும். அவர்கள் நன்றி சொல்ல வர வேண்டாம். செலவைச் சரிபார்த்த சாட்சியாக வந்து, அமைப்பு செய்ததையும் செய்யாததையும் அமைப்பின் முன்னாலேயே சொல்லட்டும். ஜெர்மானியக் கத்தோலிக்கரின் மிசெரியோர் அமைப்பு 1958 முதல் இயங்குகிறது. அது வளர்ச்சிப் பணிக்கானது என்றாலும் அதன் நடைமுறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே களத்தில் பணி செய்கிறவர்களை வரவழைத்து ஜெர்மனியின் பங்குகளில் பேசவைக்கிறார்கள். 2025-இல் எடுத்துக்கொண்ட நாடு இலங்கை. முன்வைத்தது தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் நிலையை. அவ்வளவு தூரத்திலிருந்து ஆளை அழைத்து வர முடிகிறது. நாகப்பட்டினத்து அக்கரைப்பேட்டையிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பேருந்தில் வர முடியாதா?

செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க இப்போது ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம் என்று வரம்பு கட்டியது. ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுப்பதையும் தடுத்தது. சின்ன அமைப்புகளுக்கு இது பெரிய அடி என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளிநாட்டுப் பணம் வற்றும்போது உள்ளூர்ச் சபையின் காணிக்கைதான் மிஞ்சும். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயையும் சேவலையும் ஏலம் விட்டுப் பணம் சேர்க்கிற சபைகளை நம்பித்தான் அடுத்த புயலைச் சந்திக்க வேண்டும். அவர்களைப் பார்க்கப் போகும் பேருந்துக் கட்டணத்தை நிர்வாகச் செலவு என்று ஒதுக்குவது தப்புக் கணக்கு.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாத்தார் அண்டைக் குப்பங்களின் மீனவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். நாகூரில் தர்காவைச் சேர்ந்தவர்கள் பிணங்களை எடுத்து அடக்கம் செய்வதில் சாதி மதம் பார்க்கவில்லை. கோயில்களும் மண்டபங்களைத் திறந்துவிட்டன. அவர்களைத் தேடிப்போய் நன்றி சொல்லும் பொறுப்பு அரசுக்கும் உண்டு, திருச்சபைகளுக்கும் உண்டு.

திருமண்டலங்களுக்கும் மறைமாவட்டங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தச் சபை எவ்வளவு கொடுத்தது என்ற பட்டியல் உங்கள் அலுவலகப் பதிவேடுகளில் இருக்கிறது. அதில் குறைவாகக் கொடுத்த சபையிலிருந்து தொடங்குங்கள். தமிழில் எழுதிய ஒரு பக்கக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கடற்கரையிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காணிக்கைப் பை இல்லாமல் போங்கள். வங்கக் கடலில் அடுத்த புயல் உருவாகிப் பையைத் தூக்கும் முன்பே போய்விடுங்கள்.